யாழ்ப்பாணத் தமிழரங்கில் நடிகையர்: ஓர் ஆய்வுநோக்கு

யாழ்ப்பாணத்து நாடக வரலாறு பெரும்பாலும் கூத்தைப் பயிற்றும் அண்ணாவிமார், நெறியாளர், நாடகாசிரியர் ஆகியோரை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளமையால், நாடகத்தைத் தொழிலாக நடத்தி நடிகருக்கு நிலையான ஊதியம் வழங்கும் நிறுவனங்கள் வேரூன்றாத ஒரு சமூகத்தில் நடிகை என்ற கலைஞர் எவ்வாறு உருவானார் என்ற வினா உரிய கவனத்தைப் பெறவில்லை. பெண்ணின்றி நடிக்கவே இயலாத நாடகப் பிரதிகளும், அவற்றைத் துணிந்து மேடையேற்றிய பயில்முறைக் குழுக்களும், பெண்குரலுக்கு இடமளித்த வானொலியுமே அவரை உருவாக்கின என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

குடாநாட்டின் கூத்து மரபில் பெண்பாத்திரங்களை ஆண்களே ஏற்றனர். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த இசைநாடகத்திலும், அரசனாகவும் நாயகனாகவும் தோன்றும் ராஜபார்ட்டுக்கு இணையான ஸ்திரிபார்ட் எனும் பெண்வேடத்தில் ஆண் நடிகர் பலர் தேர்ச்சி பெற்றிருந்தனர். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் வசந்த கான சபா ஊரூராக ஆடிய மயான காண்டத்தில், அரிச்சந்திரனுக்கு நிகரான துயரத்தைச் சந்திரமதி பாடியாக வேண்டியிருந்தமையால், அவ்வேடம் ஏற்பவருக்குக் குரல்வளமும் நெஞ்சுரமும் ஒருங்கே தேவைப்பட்டன. கலையரசு க. சொர்ணலிங்கம் முதலிய கற்றோர், சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடக்கிய சுகுண விலாச சபையை முன்மாதிரியாகக் கொண்டு அமைத்த சபாக்கள் நாடகத்துக்குச் சமூக மதிப்பைத் தேடித் தந்தன. எனினும் அம்மதிப்பு கனவான்களுக்கு உரியதாக இருந்ததேயன்றி, அவர்தம் வீட்டுப் பெண்களை மேடைக்கு அழைத்துவரவில்லை.

மேடையில் பெண்ணைக் காண்பது அக்காலத்தில் இலங்கையருக்கு முற்றிலும் புதிதன்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த குழுக்களில் நடிகையரும் இருந்தனர். கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் 1920களில் இலங்கை மேடைகளிற் பாடி நடித்துப் புகழீட்டியவர். எனினும், அந்நியக் கலைஞரின் பாட்டை மெச்சிய அதே சபையோர், தம் குடும்பத்துப் பெண் வேடமணிவதைக் குடும்ப மானத்தோடு பிணைத்தே நோக்கினர்.

இத்தடையை முதலில் தளர்த்தியது வானொலியாகும். உடலைக் காட்டாது குரலை மட்டும் கொண்டுசென்ற அவ்வூடகம், படித்த பெண்கள் நடிப்பைப் பயில்வதற்கு ஏற்றதோர் இடமாயிற்று. சில்லாலையைச் சேர்ந்த சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ இலங்கை வானொலியில் தொடராக ஒலித்தபோது, யாழ்ப்பாணக் குடும்பமொன்றின் பேச்சு, பாசம், பணமுடை ஆகியன அவ்வூர் மொழியிலேயே வீடுகளை எட்டின. அதில் நடித்த கமலினி செல்வராஜன், ‘கோமாளிகள்’ (1976) திரைப்படத்திலும் சிங்களத் திரையிலும் தோன்றி, அறிவிப்பாளராகவும் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளராகவும் அறியப்பட்டு, 2015 ஏப்ரலில் மறையும்வரை பல ஊடகங்களில் இயங்கினார். ஒரே கலைஞர் பல துறைகளில் இயங்க நேர்ந்தமை, எந்த ஒரு துறையும் தனித்து அவரைத் தாங்கும் வலுவைப் பெற்றிராமையின் விளைவுமாகும்.

மேடையில் தீர்க்கமான மாற்றம் 1978இல் நிகழ்ந்தது. அவ்வாண்டில் க. பாலேந்திராவும் அவருடைய தோழர்களும் தொடக்கிய அவைக்காற்று கலைக் கழகம், அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்சின் நாடகத்தைக் ‘கண்ணாடி வார்ப்புகள்’ என்ற பெயரில் தமிழில் வழங்கியது. கண்ணாடிப் பொம்மைகளுக்குள் ஒடுங்கிய கால் ஊனமுற்ற மகளும், அவளுக்கு ஒரு வாழ்வு அமையாதா என்று ஏங்கும் தாயும் அந்நாடகத்தின் உயிராவர்; மகளின் கலியாணத்தை எண்ணி உறக்கமிழந்த யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்கு அவ்வேக்கம் அந்நியமானதன்று. இதனைத் தொடர்ந்து, ஸ்பானிய நாட்டுக் கவிஞர் லோர்கா, தாம் கொல்லப்பட்ட 1936ஆம் ஆண்டிலேயே எழுதி முடித்த நாடகம் ‘ஒரு பாலை வீடு’ ஆக மேடையேறியது. கணவனை இழந்த தாயொருத்தி தன் ஐந்து பெண்மக்களையும் எட்டாண்டுத் துக்கத்தின் பெயரால் வீட்டுக்குள் பூட்டிவைக்கும் அந்நாடகத்தில், மேடைக்கு வரும் பாத்திரங்கள் அனைவரும் பெண்களே. சீதனம், குலப்பெருமை, ஊர்வாய்க்கு அஞ்சுதல் ஆகியவற்றால் இறுகிய நாற்சார் வீடுகளை அறிந்த பார்வையாளர் முன்னிலையில் இதனை நிகழ்த்துவதற்கு, அவ்வாழ்வை உள்ளிருந்து அறிந்த பெண்கள் இன்றியமையாதவராயினர்.

இக்குழுவின் முதன்மை நடிகையாக விளங்கிய ஆனந்தராணி இராசரத்தினம், பின்னர் ஆனந்தராணி பாலேந்திரா, வானொலி, மேடை, திரை ஆகிய மூன்றிலும் இயங்கியவர். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978) திரைப்படத்தில் அவர் நடித்தார். சீதனக் கொடுமையையும் சாதிமீறிய காதலையும் பேசிய தர்மசேன பத்திராஜாவின் ‘பொன்மணி’ (1977) திரைப்படத்தில் சித்திரலேகா மௌனகுரு, சர்வமங்களம் கைலாசபதி முதலிய கற்றறிந்த பெண்கள் தோன்றியமையும் இதே காலத்துக்குரியது. கல்வியாலும் சமூக நிலையாலும் மதிக்கப்பட்ட பெண்கள் தம் விருப்பின்பேரில் நடிக்க முன்வந்தபோது, நடிப்பின்மேற் படிந்திருந்த பழி தளர்ந்தது.

ஆங்கில நடிகை பெகி ஆஷ்குரொஃப்டின் (1907–1991) வாழ்வோடு இவர்களின் வாழ்வை ஒப்பிடுகையில் வேறுபாடு தெளிவாகிறது. 1930இல் ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில் போல் ரோப்சனுக்கு எதிரே டெஸ்டிமோனாவாக நடித்த அவர், அரச ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவின் தூண்களுள் ஒருவராகி, 1984இல் ஒளிபரப்பான ‘த ஜுவெல் இன் த கிரவுன்’ தொலைக்காட்சித் தொடரால் முதுமையிலும் புதிய புகழ் எய்தினார். அரை நூற்றாண்டுக்கு மேலாக அவரைத் தாங்கிய அரங்குகளும் ஊதியமும் யாழ்ப்பாணத்து நடிகைக்கு வாய்க்கவில்லை. இலங்கை ரூபவாஹினி 1982இல் தொடங்கித் தமிழ் நாடகத்துக்கு ஒரு வாயிலைத் திறந்த வேளையில், மறு ஆண்டு யூலையில் தமிழருக்கு எதிராக மூண்ட வன்செயல் தமிழ்க் கலைஞரைச் சிதறடித்தது. அவைக்காற்று கலைக் கழகம் லண்டனில் மீண்டும் தளிர்த்து, ஆனந்தராணி அங்கும் தொடர்ந்து நடித்து வந்தமை, அவ்விழப்பை எதிர்த்த கலைவாழ்வின் சான்றாகும்.

குடாநாட்டிலும் அரங்கு அணையவில்லை. நாடக அரங்கக் கல்லூரியை 1978இல் நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த ‘மண் சுமந்த மேனியர்’ (1985) போர்க்கால மக்களின் துயரைப் பேசியது. பல்கலைக்கழகத்திலும் பாடசாலைகளிலும் ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடமாக நிலைபெற்றபின், மாணவியர் நடிப்பது இயல்பான செயலாயிற்று. முந்தைய தலைமுறை குடும்பத்தோடும் ஊரோடும் வாதாடிப் பெற்ற உரிமை, இவ்வாறு கல்வியின் ஒரு கூறாக மாறியது.

எனினும், அவ்வுரிமையை வென்றவர்களின் வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதும், அதன்பின் நேர்ந்த இடப்பெயர்வுகளும் ஆவணங்களை அழித்தன. எஞ்சியுள்ள நாடக அழைப்பிதழ்கள், நடிகர் பெயர்ப்பட்டியல்கள், ஒலிநாடாக்கள் ஆகியவற்றைத் திரட்டுவதும், மூத்த நடிகையரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்வதும் அரங்கியல் துறையினரின் உடனடிக் கடமையாகும். நாடகப் பிரதி அச்சில் வாழக்கூடியது. நடிப்போ அதனைக் கண்டவரும் நிகழ்த்தியவரும் வாழும் காலத்திலேயே பதிவாக வேண்டியது. ஆதலால், இப்பணியைத் தள்ளிப்போடுவது நடிகையரை வரலாற்றிலிருந்து இரண்டாம் முறையும் விலக்குவதாகவே முடியும்.