முதலில் அந்தக் கையைப் பாருங்கள்

கும்மிடிப்பூண்டி லோக்கலில் என்னோடு ஏறும் பையன்கள் பொன்னேரி வருவதற்குள் செல்போனில் மூன்று டிரெய்லர் பார்த்துவிடுகிறார்கள். ‘இரும்புக்கை மாயாவி’ காமிக்ஸை நீட்டினால், “அப்பா காலத்துப் பொம்மை புக்குண்ணா” என்று ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் திருப்பித் தருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1962-ல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கிய கதை. எழுதியவர் கென் பல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ. 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது. மாயாவியின் பெயர் லூயிஸ் கிராண்டேல், ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய, உடல் முழுக்க மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிகிறது. குற்றத்தில் இறங்குகிறான். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனிமேல்தான் விஷயம். எதிரி வேறு, வில்லன் வேறு. இந்த வேறுபாடு பிடிபடாதவர்களுக்கு இந்தப் புத்தகம் பிடிபடாது. நம்பியார் சவுக்கைச் சுழற்றும்போதே எம்.ஜி.ஆர். வந்துவிடுவார் என்று நமக்குத் தெரியும். அடி வாங்குவதற்கென்றே நிற்பவன் எதிரி. இன்றைய கலர் கலரான சூப்பர் ஹீரோ படங்களில் வானத்தைப் பிளந்துகொண்டு இறங்குகிறவர்களும் எதிரிகள்தான். ஹீரோவை எடுத்துவிட்டால் அவர்களுக்கு வேலையே இல்லை. வில்லனுக்கு ஹீரோ தேவையில்லை. ‘அந்த நாள்’ படத்துச் சிவாஜியை நினைத்துப் பாருங்கள். தேசத்துரோகியைச் சுற்றியே கதை போகிறது, நாமும் போகிறோம். 1954-லேயே அப்படி ஒரு படம் நமக்கு வந்துவிட்டது. கிராண்டேல் அந்த வகை. பக்கத்துக்குப் பக்கம் அவனோடுதான் நடக்கிறோம். அவன் மாட்டிக்கொள்வானோ என்று நமக்குப் படபடக்கிறது. 1984-ல் லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும் குற்றவாளியாகத்தான் அறிமுகமானான். ஆனால் அவன் குற்றச் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டு வந்தவன். கிராண்டேலைத் தள்ளிவிட்டது விபத்து. “ரெண்டு பேருமே கெட்டவனா இருந்து நல்லவன் ஆனவங்க” என்று ஒரே வரியில் முடிக்கும் விமர்சகர்கள் அட்டையோடு நின்றுவிட்டவர்கள்.

படிக்கும்போது வசனத்தை விடுங்கள், கட்டங்களைப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் பிளாஸ்கோ நிழலை எங்கே விடுகிறார், வெற்றிடத்தை எங்கே விடுகிறார் என்று கவனியுங்கள். ஆள் இல்லை, கதவுப்பிடியில் ஒரு கை. அது இருக்கும் உயரத்தை வைத்து ஆள் நிற்கிறானா, குனிகிறானா என்று நீங்களே முழு உடம்பையும் வரைந்துகொள்வீர்கள். வண்ணம் அடித்தால் இந்த வேலை கெட்டுப்போகும். அந்த மறைவும் நிலைக்காது. ஷாக்கின் வீரியம் குறைந்தால் உடம்பு திரும்பத் தெரியும். மறுபடி கரண்டில் கை வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வலியைக் கொடுத்துத்தான் மறைவை வாங்குகிறான். பின்னால் அவன் ‘நிழல் படை’ என்ற ரகசிய அமைப்பின் உளவாளியாகி, விரலில் துப்பாக்கி வைத்துக்கொண்ட கதைகளும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் முதல் கதையின் பயம் அவற்றில் இல்லை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். சிப்காட் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், பவர் பிரஸ்ஸில் மூன்று விரல் போன அண்ணன் ஒருவர் இருந்தார். பேசும்போதெல்லாம் அந்தக் கை பேன்ட் பாக்கெட்டில்தான் இருக்கும். நைட் ஷிப்ட் டீ நேரத்தில் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். கை மட்டும் தெரியும் ஒரு கட்டத்தில் ரொம்ப நேரம் நின்றார். “ஆளே மறைஞ்சாலும் அதை மட்டும் மறைக்க முடியல பாரு தம்பி. யாரா இருந்தாலும் முதல்ல அதைத்தான் பாக்குறாங்க.”

அந்தப் பிரதி அவரிடமே இருக்கிறது. லோக்கலில் நான் நீட்டுவது அப்புறம் வாங்கியது.