வளைந்துகொடுப்பது யார்?

திருப்பூரில் பல பனியன் கம்பெனிகள் ஒரு டி-சர்ட்டை முழுதாகத் தாங்களே செய்வதில்லை. நூலை வாங்கி நிட்டிங்குக்குக் கொடுப்பார்கள். துணி அங்கிருந்து சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஊரைச் சுற்றிவரும். ஒவ்வொரு வேலைக்கும் தனி முதலாளி, தனிக் கூலி. நிலையில்லாத சந்தையில் தொழிலை எப்படி அமைப்பது என்ற கேள்விக்கு இந்த ஜாப் ஒர்க் முறை ஒரு வலுவான பதில்.

ஆர்டர் பெருகினால் கடன் வாங்கி மெஷின் போட வேண்டாம். பக்கத்துத் தெருவில் ஆள் இருக்கிறார். குறைந்தால் தவணை கழுத்தை நெரிக்காது. சிறு முதலில் தொடங்கலாம் என்பதால் தொழிலாளர்கள் பலர் முதலாளிகளானார்கள்; இதுவே இந்த முறையின் ஆகப் பெரிய சாதனை என்பேன். 2020-இல் வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றபோது ஊர் முகக்கவசத்துக்கும் பாதுகாப்பு உடைக்கும் விரைவாக மாறிக்கொண்டது.

ஆனால் இந்த நெகிழ்வு நட்டத்தை ஒழிப்பதில்லை, கீழே தள்ளுகிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஆர்டர் கொடுக்கும் பையர் விலையைக் குறைக்கச் சொல்வார்; ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க் கூலியைக் குறைப்பார், பணத்தையும் தள்ளிப்போடுவார்; கடைசியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அந்த வாரம் வேலையே இராது. அவருக்குக் கீழே தள்ளிவிட யாருமில்லை.

ஊரின் நொய்யல் ஆற்றுக்கும் இதுவே நடந்தது. சாயக்கழிவைச் சுத்தம் செய்யும் செலவு ஏற்றுமதியாளர் கணக்கிலும் ஏறவில்லை, பட்டறையின் கூலிக்கும் கட்டுப்படியாகவில்லை. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டபோது, ஒரு கண்ணி நின்றதற்கே ஊர் முழுக்கத் திணறியது. சாயமேற்றத் துணியை வெளியூர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அதன் பிறகே உறுதிப்பட்டன. அவற்றுக்குத் தேவைப்பட்டது கூட்டு முதலீடும் நீண்டகாலப் பொறுப்பும். ஜாப் ஒர்க் முறை தானாகத் தராதவை இவ்விரண்டும்தான்.

பணத்தைத் தள்ளிப்போடுவதற்காவது சட்டத்தில் ஒரு தடை உண்டு. பதிவுபெற்ற சிறு, குறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தம் அதற்குப் பல் வைத்தது: தாமதமான தொகையை, அதைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். நல்ல தொடக்கம். ஆனால் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவரை இந்தச் சட்டம் எட்டவில்லை. வேலையில்லாத வாரங்களுக்கு அவருக்கொரு குறைந்தபட்சக் கூலி வேண்டும். அதை ஏற்றுமதியாளரும் பையரும் பகிர்ந்துகொண்டு, ஆர்டர் விலையிலேயே சேர்க்க வேண்டும்.