அடுக்குப் பார்த்தலும் வாக்களித்தலும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஆரையம்பதி முதலிய ஊர்களிற் பயின்றுவந்த கூத்து, அரங்கேறுமுன்னரே ஊரவரின் மதிப்பீட்டுக்கு உள்ளாயிற்று. எப்பாத்திரத்துக்கு எவர் பொருந்துவார் என்பது சட்டங்கொடுத்தலின்போது ஊர்ப்பெரியோர் முன்னிலையில் முடிவாகும். கிழமைக்கூத்துகள் பல கழிந்தபின், அரங்கேற்றத்துக்கு முன்னதாகக் கூத்து முழுவதும் ஆடிப் பார்க்கப்படும். இதனையே அடுக்குப் பார்த்தல் என்பர். பிழை கண்டவர் அதனை அண்ணாவியாரிடம் சொல்வார். திருத்துதற்கு நாளும் இருக்கும். சொன்னவர் யாரென்பது ஊரறிந்தது. அரங்கேற்றத்தன்றும் அவர் வட்டக்களரியைச் சூழ்ந்திருப்போருள் ஒருவரே.

இவ்வழக்கத்தோடு ஒப்புநோக்கத்தக்கது, வாசகர் அனுப்பும் ஆக்கங்களை வாசகரே தெரிந்தெடுக்கும் இணையச் செய்தித்தளங்களின் முறைமை. 2004 இல் டிக்கும் 2005 இல் ரெடிட்டும் இம்முறையை உலகறியச் செய்தன. தமிழில் 2004 இல் எழுந்த தமிழ்மணமும், பின்னர் இன்ட்லி எனப் பெயர்பெற்ற தமிழிஷும் வாசகர் வாக்குக்கு இடமளித்தன. ஆசிரியர் ஒருவரின் விருப்புவெறுப்பிலிருந்து எழுத்தை விடுவித்தமை இவற்றின் பெரும்பேறு எனலாம். ஆயினும் நண்பர் குழாம் ஒன்று தம்முள் வாக்குகளைப் பரிமாறி ஓர் ஆக்கத்தை முகப்புக்கு உயர்த்திவிடக்கூடும் என்பது விரைவிலேயே புலனாயிற்று. டிக்கிற் பிடிக்காத செய்தியைப் புதைப்பதற்கே ஒரு பொத்தான் இருந்தது. புதைத்தவர் இன்னாரென்பதோ, எக்குறையால் அது புதையுண்டது என்பதோ எழுதியவருக்குத் தெரியவாராது. தள்ளப்பட்டதை அறிந்தார், திருத்தவேண்டியதை அறிந்திலர். வாக்குமுறையின் அடிப்படைக் குறைபாடு இதுவே.

ஈண்டு, ரஸ்டி ஃபாஸ்டர் 1999 இல் நிறுவிய குரோ5ஹின் (‘கரோஷன்’ என ஒலிப்பர்) தனித்து நோக்குதற்குரியது. அங்கே ஆக்கமொன்று வாக்கெடுப்புக்குச் செல்லுமுன் திருத்த வரிசையில் வைக்கப்பட்டது. வாசகர் சொற்பிழையும் பொருட்பிழையும் சுட்டுவர், எழுதியவர் திருத்துவர், அதன்பின்னரே வாக்கு. ஆரையம்பதியைக் கண்டிராத ஒருவர் அடுக்குப் பார்த்தலை மீளக் கண்டுபிடித்தார் என்றே சொல்லத்தோன்றுகிறது. 2016 இல் அத்தளம் மறைந்தது.

எனினும் கூத்தின் அவையை இலட்சியமாக்கிவிடுதல் பொருந்தாது. பெண் பாத்திரங்களையும் ஆண்களே தாங்கினர். சாதியும் செல்வாக்கும் களரியிற் புகாமலில்லை. பெரியவரின் மகன் ஆடும் ஆட்டத்திற் குறை சொல்ல, முகமறிந்த ஊரில் எத்தனை பேர் துணிவர்? பெயர் மறைந்த வாக்கு இத்தகையோருக்கே முதன்முதலில் நா அளித்தது என்பது மனங்கொளத்தக்கது. ஆகவே பிரச்சினை பெயர் மறைவதில் மட்டும் இல்லை. காரணமும் உடன் மறைந்துவிடுவதில் உள்ளது.

இவ்விரண்டையும் பிரித்தறிந்த ஏற்பாடு 1997 இல் தொடங்கிய ஸ்லாஷ்டொட்டிற் காணப்படுகிறது. அங்கே மதிப்பிடப்படுவது செய்தியன்று, அதற்கு வாசகர் எழுதும் மறுமொழி. தெரிவுசெய்யப்பட்ட வாசகருக்குச் சில புள்ளிகள் மட்டும் சில நாள்களுக்கு வழங்கப்படும். அவற்றைச் செலவிடுபவர் ‘நுண்ணோக்குடையது’, ‘தொடர்பற்றது’ என்பன போன்ற சொற்களுள் ஒன்றைத் தெரிந்தாகவேண்டும். பெயர் சொல்ல வேண்டியதில்லை. தாம் கருத்துரைத்த விவாதத்தில் அவரே புள்ளியிடவும் இயலாது. அவர் இட்ட மதிப்பீடு நேர்மையானதா எனப் பிற வாசகர் மீளாய்ந்து பார்க்கும் வழக்கமும் 1999 இலேயே அங்கு வந்துவிட்டது.