போன வருட கைடில் ஒரு ரோஜா

பழைய புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வட்டமாக வெட்டிக்கொள்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, கொசுவர்த்திச் சுருளைப் போல நடுவரைக்கும் கத்தரிக்கோல் சுற்றிப் போகிறது. வெளிமுனையைப் பிடித்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே வந்தால், கடைசியில் மிஞ்சும் சிறு வட்டம் அடித்தட்டாகிவிடும். அதில் ஒரு சொட்டுப் பசை. விரலைத் தளர்த்தியதும் சுருள் கொஞ்சம் நெகிழ்ந்து விரிகிறது. இதழெல்லாம் அச்செழுத்து ஓடும் ரோஜா தயார். பத்து வயதுப் பிள்ளைகூட ஐந்து நிமிடத்தில் செய்துவிடும்.

இந்தக் கைவேலை ஊரெங்கும் பரவியதற்கு இந்த எளிமையே காரணம். செலவு என்று பார்த்தால் பசைக்கும் கம்பிக்கும் ஆவதுதான். தண்ணீர் தெளிக்க வேண்டாம், மறுநாள் வாடிவிடுமே என்ற கவலை இல்லை, மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர் வீட்டிலும் வைக்கலாம். பழுப்பேறிய தாளுக்கென்று ஒரு நிறம் இருக்கிறது. கடையில் விற்கும் எந்தக் கிரேப் தாளிலும் அது கிடைக்காது.

கை தேர்ந்தவர்கள் செய்யும் ரோஜா வேறு. நான்கு சதுரத் தாள்களை மும்மூன்று முறை மடித்து, ஓரத்தை இதழ் வடிவில் வெட்டிப் பிரித்தால் ஒவ்வொன்றும் எட்டிதழ்ப் பூவாகும். முதல் பூவிலிருந்து ஓர் இதழ், இரண்டாவதிலிருந்து இரண்டு, மூன்றாவதிலிருந்து மூன்று, நான்காவதிலிருந்து நான்கு என்று வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சியதைக் கிண்ணம்போலக் குவித்து ஒட்டுகிறார்கள். வெட்டிய துண்டுகளும் வீண்போகாது, அவைதான் உள்ளடுக்கு. இங்கேதான் தாளைப் பற்றிய அறிவு தேவைப்படுகிறது. மரத்தைப் போலவே தாளுக்கும் இழையோட்டம் உண்டு. பெரும்பாலான புத்தகங்களில் அது பக்கத்தின் மேலிருந்து கீழாக, முதுகுக்கு இணையாக ஓடும். அந்தப் போக்கை ஒட்டிச் சுருட்டினால் இதழ் சொன்னபடி கேட்கும். எதிர்த்துச் சுருட்டினால் முரண்டுபிடித்து, நடுவில் மடிப்புக் கோடு விழுந்துவிடும்.

தமிழில் ஒருவரைக் 'காகிதப் பூ' என்றால் அது பாராட்டாகாது. மணம் இல்லாத பகட்டு என்று பொருள். ஆனால் காகிதப் பூ எவ்வளவு உயரம் போக முடியும் என்பதற்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் மேரி டிலேனியின் படைப்புகளே சாட்சி. 1700-இல் பிறந்த இந்த அம்மையார் தம் 72-ஆம் வயதில் வண்ணத் தாள்களை வெட்டி, கறுப்புப் பின்னணியில் ஒட்டிப் பூக்களை உருவாக்கத் தொடங்கினார். பத்தாண்டுகளில், பார்வை மங்கி நிறுத்தும்வரை, கிட்டத்தட்ட ஆயிரம் படைப்புகள். தாவரவியலார் அடையாளம் காணும் அளவுக்குத் துல்லியம். டிலேனி செடியை எதிரில் வைத்துப் பார்த்துச் செய்தார். இன்றைய பழம்புத்தக ரோஜாவுக்கு எதிரில் இருப்பது பெரும்பாலும் இன்னொரு காகித ரோஜாதான். அச்சுப்படியை யாரோ தருகிறார்கள், வெட்டுகிறார்கள், ஒட்டுகிறார்கள். ஆயிரம் வீட்டில் ஒரே பூ.

அதைவிடப் பெரிய குறை, எழுத்தை வெறும் கோலமாக்கிவிடுவது. புத்தகத் தாள் என்பதுதான் இந்தப் பூவின் முழுக் கவர்ச்சியும். ஆனால் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று செய்பவர்களில் பலர் பார்ப்பதில்லை. நாவலின் சாவு வீட்டு அத்தியாயம் கல்யாண வரவேற்பு மேசையில் ரோஜாவாக நிற்கும். கைகுலுக்கிவிட்டுப் போகிறவர்களும் கவனிப்பதில்லை.

பக்கத்தைப் படித்துவிட்டுக் கை வைத்தவர்கள் வேறு மாதிரி வேலை செய்திருக்கிறார்கள். ஆங்கிலேய ஓவியர் டாம் ஃபிலிப்ஸ் 1966-இல் மூன்று பென்ஸுக்கு ஒரு பழைய நாவல் வாங்கினார். டபிள்யூ.எச். மல்லக் எழுதி 1892-இல் வெளிவந்த 'எ ஹ்யூமன் டாக்குமென்ட்'. ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஓவியம் தீட்டி, அங்கங்கே சில சொற்களை மட்டும் மறைக்காமல் விட்டு, 'எ ஹ்யூமுமென்ட்' என்ற புதுப் புத்தகத்தை உண்டாக்கினார். இறுதிப் பதிப்பு 2016-இல் வந்தது, ஐம்பதாண்டு உழைப்பு. 2011-இல் எடின்பரோவின் நூலகங்கள், அருங்காட்சியகங்கள் முதலிய இடங்களில் பெயர் சொல்லாத ஒருவர் பத்துப் புத்தகச் சிற்பங்களை வைத்துவிட்டுப் போனார். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் கிடைத்தது ஒரு கிராமபோனும் சவப்பெட்டியும். அதற்கு வெட்டப்பட்டது, அதே ஊரைக் களமாகக் கொண்டு துப்பறியும் கதைகள் எழுதும் இயன் ரேங்கினின் 'எக்ஸிட் மியூசிக்'. தலைப்பையும் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால் சிற்பி புத்தகத்தை அறிந்தவர் என்பது புரியும். அதோடு, அந்த நாவலின் இன்னொரு பிரதியை யாரும் எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம்.

பழம்புத்தக ரோஜா சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லப்படுவதில் பாதிதான் உண்மை. பழைய பேப்பர் கடைக்குப் போகும் புத்தகம் எப்படியும் ஆலைக்குப் போய்க் கூழாகி, அட்டையாகவோ தாளாகவோ திரும்பி வரும். குளூ கன் பசை, பச்சை நாடா சுற்றிய கம்பி, ஜிகினா எல்லாம் ஏறிய ரோஜாவை அந்த வழிக்கு அனுப்ப முடியாது. உருகிப் பிசுபிசுக்கும் பசை கூழில் கலந்தால் ஆலைக்காரர்களுக்குத் தலைவலி. மைதாப் பசை இந்த விஷயத்தில் மேல், ஆனால் அதைத் தின்ன ராமபாணம் வரும். புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான்.

இனி அடிப்படைக் கேள்வி. 'படிக்க உதவாத புத்தகத்துக்கு மறுவாழ்வு' என்கிறார்களே, அப்படி ஒரு புத்தகம் இருக்கிறதா? 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு கந்தல் துணிக்குப் பதில் மரக்கூழில் தாள் செய்யத் தொடங்கினார்கள். மரத்தின் லிக்னினும், மை ஊறாமலிருக்கச் சேர்த்த படிகாரமும் தாளுக்குள் அமிலத்தன்மையை வளர்த்தன. அதனால்தான் பழுப்பு, அதனால்தான் அப்பளம்போல் நொறுங்குவது. நூலகர்கள் இதை அளக்கப் பக்கத்தின் மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பார்ப்பார்கள். சில மடிப்பிலேயே ஒடிந்தால் தாள் செத்துவிட்டது என்று கணக்கு. நிக்கல்சன் பேக்கர் 2001-இல் வெளியிட்ட 'டபுள் ஃபோல்ட்' என்ற நூலில் இந்தச் சோதனையைப் பிய்த்து உதறினார். பக்கத்தை யாரும் மடித்துப் படிப்பதில்லை, புரட்டித்தான் படிக்கிறார்கள். சோதனையில் தோற்ற புத்தகத்தையும் ஆற அமரப் படிக்கலாம் என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தைப் பூ மேசைக்குக் கொண்டுவந்தால் கதை மாறிவிடுகிறது. மடித்தால் ஒடியும் தாளில் இதழ் செய்ய முடியாது, ஆனால் படிக்கலாம். இதழாக வளையும் தாளோ இன்னும் பல காலம் புத்தகமாகவே வாழக்கூடியது. தாளை மட்டும் பார்த்தால், பூவுக்கு உதவி, படிப்புக்கு உதவாத புத்தகம் அநேகமாக இல்லை. மூடிய புத்தகத்துக்குள் வெளிச்சம் படாமல் கிடந்த பக்கம், பூவாகி ஜன்னலோரம் நின்றால் இன்னும் சீக்கிரம் பழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் புத்தகத்தில், பிரதியோடு நூலே அழிந்துபோகும் ஆபத்தும் உண்டு. இங்கே ஒரு பதிப்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சானாலே பெரிது என்று இருந்தவை ஏராளம். எடைக்குப் போகும் ஒரு மூட்டையில் கடைசிப் பிரதி கிடக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இப்படி மற்றவர்கள் கழித்துக் கட்டியவற்றையும் விடாமல் சேர்த்தார். நாவல், பத்திரிகை மட்டுமல்லாமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைகூட அவரிடம் இருந்தன. அவர் 1992-இல் மறைந்த பிறகு, அந்தச் சேகரத்தை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களை அன்று யாராவது ரோஜாவாகச் சுருட்டியிருந்தால் ஒருவரும் வருந்தியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆ.இரா. வேங்கடாசலபதி போன்ற ஆய்வாளர்கள் பின்னாளில் அவற்றிலிருந்துதான் அக்காலத்துச் சாமானியர்களின் உலகத்தை எழுதினார்கள்.

புத்தகத்தில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தைக் காட்டி, கிழிப்பதே பாவம் என்போரும் உண்டு. அந்த வாதம் நிற்காது. சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் வைத்த அதே புத்தகத்தைப் பரீட்சை முடிந்ததும் தராசில் ஏற்றுவதும் நாம்தான். கடலைப் பொட்டலம் எந்தத் தாளில் வந்தது? இங்கிலாந்தில் எம்6 டோல் நெடுஞ்சாலையின் தார்க் கலவையில் 25 லட்சம் மில்ஸ் அண்ட் பூன் காதல் நாவல்களைக் கூழாக்கிப் போட்டிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் அச்சாகும் நூலின் ஒரு பிரதி போவதால் நூல் போய்விடாது.

ஆகவே பார்க்க வேண்டியது, கையில் இருப்பதற்கு இன்னொரு பிரதி உண்டா என்பதைத்தான். கத்தரிக்கோலை எடுக்கும் முன் தலைப்புப் பக்கத்தைப் புரட்டி ஆண்டையும் பதிப்பையும் பாருங்கள். ஐம்பது வருடத்துக்கு முந்திய தமிழ்ப் புத்தகம் என்றால் மூடி வைத்துவிட்டு, நூலகம் ஒன்றில் விசாரியுங்கள். பூவுக்குப் பாடத்திட்டம் மாறிப்போன பத்தாம் வகுப்பு கைடு போதும். எடைக் கணக்கில் கிடைக்கும்; தாளும் புதுசு, நன்றாக வளையும்.