பரமார்த்த குருவும் உரையாடல் வகுப்பும்

இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நகரத் திருச்சபைகள் பலவற்றில், பிற நாடுகளிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தோர்க்கென ஒரு கூடுகை நடைபெற்று வருகிறது. வாரத்தில் ஒரு மாலை, ஆலயத்தை அடுத்த மன்றத்தில், சபையார் சிலர் புதியோருடன் தேநீர் அருந்தி, ஆங்கிலத்தில் உரையாட அவர்களைப் பழக்குகின்றனர். அதன் பின்னரோ அதனோடு சேர்த்தோ திருமறை ஆராய்ச்சியும் நடைபெறுகிறது. சில இடங்களில் லூக்கா எழுதிய நற்செய்தி நூலே உரையாடலுக்கும் பாடநூல். இத்தகைய வகுப்புகளை நாடிச் சென்றோருள் தமிழரும் உளர்.

அந்நியரை உபசரிப்பது திருச்சபையின் கடமை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே இவ்வூழியத்தைப் பாராட்டி மேலும் ஒரு கட்டுரை எழுதவேண்டியதில்லை. ஆராயவேண்டியது வேறொன்று. மொழி பழக வந்தவரின் கையில் எந்த நூலைக் கொடுப்பது? திருமறையையே கொடுக்கலாமா? இக்கேள்விக்குத் தமிழ்நாட்டில் 18ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விடை எழுதப்பட்டது. அவ்விடை நாம் சிறுவயதில் சிரித்துப் படித்த பரமார்த்த குருவின் கதை.

அதைக் காண்பதற்கு ஆவூரிலிருந்து தொடங்குவது நலம். திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் அடங்கிய இச்சிற்றூர், மதுரை மிஷனைச் சார்ந்த இயேசு சபைக் குருமார் தங்கிப் பணியாற்றிய நிலையங்களுள் ஒன்று. இங்கே ஓர் ஆலயத்தை எழுப்பியவர் வெனாஞ்சியுஸ் பூஷே என்னும் பிரெஞ்சுக் குரு. (ஆலயம் 1547இல் கட்டப்பட்டதெனச் சில வெளியீடுகளில் காணப்படுகிறது. பூஷே பிறந்ததே 1655இல். மதுரை மிஷனுக்கு நொபிலி வந்தது 1606இல். 1547 என்னும் ஆண்டு எவ்வாறு நுழைந்ததோ, அதனை இனியாவது அச்சிடாதிருப்பது நன்று.) வீரமாமுனிவர் எனப்படும் பெஸ்கி பாதிரியாரும் இங்கே ஊழியஞ் செய்தார் என்பது ஆவூரார் பெருமையுடன் கூறும் செய்தி. பாஸ்கா நாடகமும் தேர்த் திருவிழாவும் இன்றளவும் பல சமயத்தாரையும் அங்கே கூட்டுகின்றன.

ஆவூரிலும் ஒரு வகையில் வெளிநாட்டிலிருந்து வந்த புதியோர்க்கான உரையாடல் வகுப்பு நடந்தது எனலாம். ஆனால் அங்கே புதியவர் குருவானவர். மொழி அறிந்தவர் ஊரார். பாவசங்கீர்த்தனம் கேட்கவேண்டிய குருவுக்கு இலக்கண நூல்களின் செந்தமிழ் போதாது. வரப்புத் தகராறும் மாமியார் மருமகள் பூசலும் கடன் தொல்லையும் எந்தச் சொற்களில் அவர் செவிக்கு வருமோ, அந்தச் சொற்களை அவர் கற்றாகவேண்டும். இத்தேவையை நன்கு உணர்ந்தவர் பெஸ்கி (1680–1747). செந்தமிழில் தேம்பாவணி பாடிய அவரே, தம்மைப் போல் புதிதாக வரும் குருமாருக்கென மக்கள் பேசும் தமிழுக்கு இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதி 1728இல் முடித்தார். கொடுந்தமிழ் இலக்கணம் என அறியப்படும் அந்நூலை 1738இல் அச்சிட்டவர்கள் தரங்கம்பாடி லுத்தரன் அருட்பணியாளர்கள். வேத விளக்கம், பேதகம் மறுத்தல் முதலிய நூல்களில் பெஸ்கி யாரைக் கடுமையாகச் சாடினாரோ, அவர்களேதாம்! உபதேசத்தில் பகை நீடித்தது. மொழிப்பாடத்திலோ அவர்கள் பெஸ்கியின் மாணாக்கராயினர். இது நம்மவர் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்கது.

இலக்கணத்துக்குத் துணையாக வாசிப்பு நூல் ஒன்று வேண்டுமல்லவா? அதற்காகவே பரமார்த்த குருவின் கதை அமைந்தது. பெஸ்கி நினைத்திருந்தால் நற்செய்திப் பகுதிகளையோ அர்ச்சியசிஷ்டர் வரலாறுகளையோ பேச்சுத்தமிழில் எழுதிக் கொடுத்திருக்கலாம். உபதேசியாருக்கென 1727இல் வேதியர் ஒழுக்கம் எழுதிய கைதான் அது. அவ்வாறு செய்யாமல், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரையும் அவர்களினும் அறிவில் மிகாத ஒரு குருவையும் படைத்து, அவர்களை ஊர் ஊராக நடக்கவிட்டார்.

மொழிப்பாடமாக இக்கதையின் திறம் யாது என்பதை ஒரு நிகழ்ச்சியால் விளக்கலாம். குரு கிழட்டுக் குதிரையில் செல்லுகையில் அவர் தலைப்பாகை கீழே விழுகிறது. சீடர் எடுக்கவில்லை; எடுக்கும்படி கட்டளை இல்லையே என்கின்றனர். விழுவதையெல்லாம் எடுங்கள் என்கிறார் குரு. உடனே குதிரையின் சாணத்தையும் பத்திரமாக ஏந்திக்கொள்கின்றனர். எனவே எடுக்கவேண்டியவை இன்னவை என ஓலையில் ஒரு பட்டியல் எழுதப்படுகிறது. பின்பு குருவே குழியில் விழுகிறார். சீடர் ஓலையை எடுத்துப் படித்து, அதிலுள்ளபடி அவர் உடைகளை ஒவ்வொன்றாக எடுக்கின்றனர். குருவின் பெயர் பட்டியலில் இல்லாமையால் அவரை எடுக்க மறுக்கின்றனர். குழியில் கிடந்தபடியே அவர் தம்மையும் பட்டியலில் எழுதிச் சேர்த்த பின்னரே கரையேறுகிறார்.

ஏவல் வினை, எதிர்மறை, நிபந்தனை, வினா, விடை, மன்றாட்டு ஆகிய அனைத்தும் இந்நிகழ்ச்சியில் இயல்பாக வந்துவிடுகின்றன. மாட்டு நிழலில் இளைப்பாறியதற்கு வாடகை கேட்கும் மாட்டுக்காரனுடன் நடக்கும் வழக்கோ, பேரம் பேசுதலையும் வாதாடுதலையும் கற்பிக்கிறது. அன்றாட வாழ்வுக்கு வேண்டிய சொற்கள் இவை. இதனினும் முக்கியமானது, சொல்லையும் கருத்தையும் பிரித்தால் என்ன நேரும் என்பதை மொழி கற்பவனே கதையினுள் காண்கிறான். சொற்பட்டியலை மனனஞ்செய்து புறப்படும் புதிய குருவானவர், ஓலையை நம்பிய சீடர்களுக்கு எவ்வகையில் மேலானவர்? எழுத்து கொல்லும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கருத்துக்கு இதைவிடத் தெளிவான நாடக வடிவம் நம்மிடம் இல்லை என்பது என் எண்ணம். ஐவருள் ஒருவன் பெயர் மிலேச்சன் என்பதும் கவனிக்கத்தக்கது. வேற்று நாட்டான், நாகரிகம் அறியாதவன் எனப் பொருள்படும் அச்சொல்லால்தான் இந்நாட்டார் ஐரோப்பியரைக் குறித்தனர். தமிழ் படிக்க அமர்ந்த ஐரோப்பியர், மூடர்களின் வரிசையில் தம் பெயரும் இருக்கக் கண்டிருப்பார். அது தற்செயல் எனக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

இந்நூலில் குறை இல்லாமல் இல்லை. சிரிப்புக்கு ஆளானவர் மடத்துக் குரு. இந்நாட்டு ஆசாரியரை அறியுமுன்னரே அவர்களைப் பார்த்து நகைக்க வெளிநாட்டார்க்குக் கற்பித்த நூல் இது என்னும் குற்றச்சாட்டு நியாயமற்றதன்று. இக்கதைகளுள் சில மக்களிடையே முன்பே வழங்கியிருக்கக்கூடும் என, 1826இல் பாரிசில் இவற்றைப் பிரெஞ்சில் வெளியிட்ட துபுவா பாதிரியார் கருதினார். தங்கள் குருமாரைத் தாங்களே எள்ளும் உரிமை ஊராருக்கு உண்டு. அதே எள்ளல் அந்நியர் கைக்கு மாறும்பொழுது அதன் பொருளும் மாறிவிடுகிறது. மேலும், 1822இல் பாபிங்டன் என்பார் ஆங்கில மொழிபெயர்ப்பும் சொற்பொருளும் முதற் கதைக்குச் சொற்பகுப்பும் சேர்த்து இதனை லண்டனில் அச்சிட்டார். அவர் சென்னை சிவில் சேவையைச் சார்ந்தவர். குருமாருக்கென எழுதிய பாடம் ஆளவந்தோர் மேசைக்கும் சென்றது. மொழி வகுப்பு யாருக்குப் பயன்படும் என்பதை அதை நடத்துவோர் முடிவுசெய்ய இயலாது.

ஆயினும் பெஸ்கியின் அடிப்படை முடிவு சரியானது. மொழிப்பாடம் வேறு, வேதபாடம் வேறு. இன்றைய உரையாடல் வகுப்புகளோ இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கின்றன. அதனால் இரண்டுக்கும் சேதம். நம் திருமறையை மட்டும் படித்துத் தமிழ் கற்ற ஒருவர் கடைக்குச் சென்று, கடைக்காரர் பிரதியுத்தரம் சொல்லுமளவும் காத்திருந்தால் என்ன ஆகும் என எண்ணிப் பாருங்கள்! அவ்வாறே கெட்ட குமாரன் உவமையைக் கொண்டு இறந்தகால வினைமுற்றுகளைப் பயிற்றும் வகுப்பில், தகப்பன் ஓடிவருகிற இடத்தில் மாணவர் கண்ணீர் விடுவதில்லை. ஓடுதல் என்னும் வினையின் வடிவம் சரியா தவறா என்றே பார்க்கிறார். நற்செய்தி அங்கே பயிற்சி வாக்கியமாகிவிடுகிறது.

இதைவிட ஆழமான இடர்ப்பாடு ஒன்று உண்டு. மொழி வகுப்பில் ஆசிரியர் திருத்துபவர், மாணவர் திருத்தப்படுபவர். அங்கே அது தகும். அதே இருக்கையில், அதே மாலையில் வேத ஆராய்ச்சி தொடங்கும்பொழுது, உச்சரிப்பைத் திருத்தியவரே விசுவாசத்தையும் திருத்துபவராகிறார். எதிரே இருப்பவருக்கோ வேலைக்கும் வீட்டுக்கும் குடியுரிமைத் தேர்வுக்கும் அம்மொழி தேவை. அவர் மறுத்துப் பேசுவாரா? மறுத்துப் பேசுவதற்கான சொற்களே இன்னும் அவரிடம் இல்லையே. கூழுக்கு வேதத்தில் சேர்ந்தவர்கள் என்னும் பழிச்சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட நம் சபைகள், இதன் கூர்மையை மேல்நாட்டாரைவிட நன்றாக உணரும்.

நம் வரலாற்றில் இதற்கு மாறான ஓர் அமர்வும் உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் புளூச்சோவும் வயது முதிர்ந்த திண்ணைப்பள்ளி வாத்தியாரைத் தங்கள் வீட்டில் பள்ளி நடத்தச் செய்து, பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினர். பிள்ளைகள் அவர்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். 1715இல் அச்சேறிய புதிய ஏற்பாட்டுக்கு அந்த மணலே தொடக்கம்.

ஆங்கிலத்தோடு வேதத்தையும் கற்பித்ததன் விளைவைக் காண யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டைக்குச் செல்லவேண்டும். அமெரிக்க மிஷனார் 1823இல் அங்கே நிறுவிய செமினரி ஆங்கிலக் கல்வியில் சிறந்து விளங்கிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அதன் மாணாக்கர். ஆனால் ஆங்கிலம் கற்றோர் அரசாங்க உத்தியோகத்துக்குச் செல்கின்றனர், சபை ஊழியத்துக்கு வருவார் குறைவு என்னும் மனக்குறை வளர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ரூபஸ் ஆண்டர்சன் தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தினார். 1855இல் செமினரி மூடப்பட்டது. மொழியை நற்செய்திக்கு வாகனமாக்கினால், வாகனம் தன் வழியே போகிறது என்று கோபிக்கும் நிலை வரும். அக்கோபத்தில் பள்ளியையே மூடியது மிகை என்பது என் கருத்து. தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தது மிஷன் கணக்கில் வரவில்லை என்பதற்காக, அக்கல்வி வீணாயிற்று என்று சொல்லலாமா?

உரையாடல் வகுப்பை நிறுத்திவிடவேண்டும் என நான் கூறவில்லை. மொழிக்கு ஒரு நாள், வேதத்துக்கு வேறொரு நாள் என வைத்து, அதை அறிவிப்புப் பலகையிலேயே எழுதிவிடலாம். முதல் நாளுக்கு மட்டும் வருகிறவர் குறைந்த அன்பைப் பெறக்கூடாது. வேதம் படிக்க விரும்பி வருவோர்க்கு அவரவர் தாய்மொழித் திருமறையைக் கையில் கொடுத்து, அவர்கள் அதில் கண்டதைச் சொல்லக் கேட்கலாம். லூக்காவையே பாடநூலாகக் கொண்டவர்கள் அதன் கடைசி அதிகாரம் வரையில் வாசிப்பது நலம். எம்மாவு வழியில் எருசலேமின் செய்தி அறியாத அந்நியர் என எண்ணப்பட்டவரே அன்று வேதவாக்கியங்களை விளக்கினார். ஊர்ச் செய்தி அறிந்தவர்கள் கேட்டுக்கொண்டு நடந்தார்கள்.

இது கடல் கடந்த சபைகளின் காரியம் மட்டுமன்று. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் திருப்பூர்ப் பனியன் ஆலைகளிலும் சென்னைக் கட்டடப் பணிகளிலும் நம் நடுவே வாழ்கின்றனர். கூலிக் கணக்கும் மருத்துவமனைச் சீட்டும் பேருந்தின் பெயர்ப்பலகையும் அவர்களுக்குப் புரிவதில்லை. அவர்களுள் சிலர், 1845இல் ராஞ்சியில் கோஸ்னர் மிஷனார் தொடங்கிய திருச்சபையின் பிள்ளைகளாகவும் இருக்கக்கூடும். அவர்களுக்கு நாம் வேதத்தை அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. தேவைப்படுவது பேச்சுத்தமிழ். அதற்கு இறந்தகால வினைமுற்றுக்குக் கெட்ட குமாரனை இழுக்காத, கூலியும் வாடகையும் காய்ச்சலும் பேரமும் நிரம்பிய, படிப்பவர் சிரிக்கக்கூடிய சிறு வாசிப்பு நூல் ஒன்று வேண்டும். அதில் ஏமாறும் மூடர்கள் உள்ளூர்க்காரராக இருப்பது நல்லது. இந்தி அறிந்த நம் மாணவர் இருவர் மூவர், ஒரு விடுமுறையை அத்தொழிலாளர் தங்கும் தெருக்களில் கழித்தால், அதற்கு வேண்டிய சொற்கள் கிடைத்துவிடும்.