பூங்குழலியின் படகு

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ஐந்து பாகப் பெருங்கதை. மணிரத்னம் அதை 2022இலும் 2023இலும் இரண்டு படங்களாகத் தந்தார். முதல் படம் நான்கு தேசிய விருதுகளைப் பெற்றது. இத்தனை பெரிய நாவலைத் திரைக்குச் சுருக்கினால் வெட்டு விழத்தான் செய்யும். எதை வெட்டினார்கள் என்பதை வைத்தே மதிப்பிட வேண்டும்.

இரண்டாம் படத்தின் உச்சம் கடம்பூர் மாளிகைக் காட்சி. சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி மர்மமாகவே விட்டார். படத்தில் கரிகாலன் சாவைத் தானே தேடித் தன் பழைய காதலி நந்தினியிடம் வருகிறான். இது துணிச்சலான மாற்றம். துயரம் இன்னும் கூர்மையாகிறது. அவர்கள் இருவரை மட்டும் எதிரெதிரே நிறுத்தியதால், நாவலில் வரும் கடம்பூர் இளவரசி மணிமேகலை இல்லாததும் குறையாகத் தெரியவில்லை.

கடல் காட்சியில்தான் இடறல். நாவலில், புயலுக்குப் பின் படகைச் செலுத்திப் போய் கரிகாலனின் தம்பி அருள்மொழியையும் அவன் தோழன் வந்தியத்தேவனையும் மீட்பவள் ஓடக்காரப் பெண் பூங்குழலி. படத்தில் அந்த வேலை நந்தினியின் முகச்சாயல் கொண்ட ஊமைராணியிடம் போகிறது. அவள் கடலுக்குள் பாய்வதோடு முதல் பாகம் முடிகிறது. மர்மம் கூடியது உண்மை. ஆனால் கடலுக்குப் போனவரை எதிர்பார்த்துக் கரையில் நிற்கத் தெரிந்த கல்முனை, மருதமுனை வாசகருக்கு இது சின்ன மாற்றமல்ல. காற்றும் நீரோட்டமும் தெரிந்தவரால்தான் அலையில் அகப்பட்டவரைத் தேடிப் பிடிக்க முடியும். ஓர் ஓடக்காரப் பெண்ணின் தொழிலறிவு சோழ இளவரசனைக் காத்தது என்று கல்கி எழுதினார். படத்தில் அந்தப் பெருமை அவளுக்கு இல்லை.

முடிசூட்டிலும் இதே கதை. நாவலில் அருள்மொழி விட்டுக்கொடுக்கும் மகுடம், பூத்தொடுத்து வளர்ந்த, அரசை விரும்பாத சேந்தன் அமுதனுக்குப் போகிறது. அவனை மணந்த பூங்குழலி அரசியாகிறாள். படத்தில் அதற்காகப் படை திரட்டிய மதுராந்தகனுக்கே மகுடம். அமுதனும் மதுராந்தகனும் குழந்தையிலேயே இடம் மாறிய ஆள்மாறாட்டம் கல்கியின் கற்பனை, படமே வரலாற்றுக்கு நெருக்கம் என்று வாதிடலாம். அமுதனும் பிறப்பால் அரச குலத்தவன்தானே என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமே. ஆனாலும் உழைத்து வளர்ந்த ஒருவனிடம் அரசு போய்ச் சேரும் நிறைவு படத்தில் இல்லை.

டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையைப் படமாக்கிய பீட்டர் ஜாக்சனும் டாம் பொம்படில் என்ற பாத்திரத்தை முழுதாக நீக்கினார். ஆனால் 11 ஆஸ்கார் விருதுகள் பெற்ற 2003ஆம் ஆண்டின் இறுதிப் படத்தில், முடிசூடிய அரசன் ஹாபிட்டுகள் எனும் எளிய சிற்றுருவினர் நால்வரின் முன் தலைவணங்குகிறான். எளியவர்களே கதையின் நடுவம் என்பதை அவர் கைவிடவில்லை.

மணிரத்னம் தந்தது தேர்ந்த அரண்மனைத் துன்பியல். அந்த அளவில் அது வெற்றி. ஆனால் கல்கியின் நாவல் அரண்மனைக்கு வெளியே இருந்தவர்களையும் நம்பி எழுதப்பட்டது. அவர்களை ஓரத்துக்குத் தள்ளியதால், தழுவலாக இது பாதி வெற்றிதான்.