லிப்போ பற்றரியும் தாழ் வோல்ற்றளவுக் காவலும்

றிமோட் விமானங்களில் பயன்படும் லித்தியம் பொலிமர் (லிப்போ) பற்றரியின் ஒவ்வொரு கலமும் முழுமையாக மின்னேறியதும் 4.2 வோல்ற்றில் நிற்கும். பறப்பின் பெரும்பகுதி 3.9க்கும் 3.6க்கும் இடையில் கழியும். அதன் பின் வோல்ற்றளவு சரசரவென்று இறங்கும், 3.5இலிருந்து 3.0க்கு வர ஒரு நிமிடம்கூட ஆகாது. 3.0க்குக் கீழே நெடுநேரம் கிடக்கும் கலத்தில் எதிர்மின்வாயின் மேலுள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்குகிறது. இன்னும் கீழே போனால் அந்த மின்வாயைத் தாங்கும் செப்புத் தகடே கரைகிறது. திரும்ப மின்னேற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, கலத்துக்குள்ளேயே குறுஞ்சுற்றை உண்டாக்கலாம். பற்றரி ஊதிப்போவது வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே.

இதைத் தடுக்கப் பெரும்பாலானோர் நம்பியிருப்பது, மோட்டாரின் வேகக் கட்டுப்படுத்திக்குள் இருக்கும் தாழ் வோல்ற்றளவு நிறுத்தத்தை. இந்த ஏற்பாடு லிப்போவுக்காகப் பிறந்ததல்ல. நிக்கல் கட்மியம் காலத்தில் மோட்டாரும் றிசீவரும் ஒரே பற்றரியில் ஓடின. மோட்டார் கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டால் சுக்கானை அசைக்க மின் இருக்காது. ஆகவே ஏறத்தாழ 5 வோல்ற்றில் மோட்டாரை நிறுத்தினார்கள். 2000களின் தொடக்கத்தில் லிப்போ பரவியபோது பழைய கட்டுப்படுத்திகளோடு அதை இணைத்தவர்களின் பற்றரிகள் வரிசையாகக் கெட்டன. மூன்று கலப் பற்றரியில் 5 வோல்ற் என்றால் கலத்துக்கு 1.7கூட இல்லை. பின்னர் வந்த கட்டுப்படுத்திகள் கலங்களை எண்ணி, கலத்துக்கு 3.0 முதல் 3.4 வரை எல்லை வைக்க இடம் கொடுத்தன. தனியாக எடையோ செலவோ இல்லாமல், மறதிக்காரரையும் காப்பாற்றும் ஏற்பாடு என்ற வகையில் அது பாராட்டுக்குரியது.

ஆனால் அது பார்ப்பது மொத்த வோல்ற்றளவை. மூன்று கலங்களில் இரண்டு 3.6இலும் ஒன்று 2.7இலும் நின்றால் கூட்டுத்தொகை 9.9, கலத்துக்குச் சராசரி 3.3. எல்லை அதற்குக் கீழே வைக்கப்பட்டிருந்தால், கட்டுப்படுத்திக்கு எல்லாம் நலமாகவே தெரியும். நலிந்த கலம் ஒவ்வொரு பறப்பிலும் இன்னும் நலியும்.

சுமை ஏறும்போது வோல்ற்றளவு தணிவது அடுத்த சிக்கல். 30 மில்லி ஓம் அகத்தடையுள்ள பற்றரியிலிருந்து 25 அம்பியர் இழுத்தால் 0.75 வோல்ற் அங்கேயே போய்விடும். குளிர்நாடுகளில் அகத்தடை கூடுதலாக இருப்பதால் நிறுத்தம் முந்திக்கொள்ளும். பறப்பவர் சலித்துக்கொண்டாலும் பற்றரி பிழைக்கும். திருகோணமலையில் நிலைமை நேரெதிர். ஆண்டின் நடு மாதங்களில் பகல் வெப்பம் 35 பாகை செல்சியசை எட்டும் இடத்தில் பற்றரி சூடாகவே தொடங்குகிறது, அகத்தடை குறைகிறது, வோல்ற்றளவு கடைசிவரை தெம்பாக நிற்கிறது. அதே 3.3 வோல்ற்றில் நிறுத்தம் வரும்போது, சூடான பற்றரியில் மீதி மின் குளிர்ந்த பற்றரியில் இருப்பதைவிடக் குறைவு. குளிர்நாட்டுக் கையேட்டின் எண்ணை அப்படியே இங்கே வைப்பது சரியல்ல, 3.4க்கு உயர்த்துவது நல்லது.

விமானம் எங்கே இருக்கும்போது நிறுத்தம் வருகிறது என்பதையும் கட்டுப்படுத்தி அறியாது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் பறப்பதைக் கடல் பக்கம் தள்ளும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகமுள்ள விமானம் 30 கிலோமீற்றர் காற்றோடு 400 மீற்றர் வெளியே போக 18 செக்கன் போதும். திரும்பிவர 72 செக்கன் வேண்டும். அந்த 72 செக்கனும் எதிர்காற்று. அதன் நடுவில் மோட்டார் நின்றால் பற்றரி காப்பாற்றப்படும், பிறகு விமானத்தோடு உப்புநீரில் மூழ்கும். சட்டென்று நிறுத்தாமல் வலுவைப் படிப்படியாகக் குறைக்கும் அமைப்பு இறக்கையுள்ள விமானத்துக்கு ஓரளவு உதவும். நான்கு சுழலி ட்ரோன்களுக்கு எந்த நிறுத்தமும் வீழ்ச்சிதான். அவற்றில் இந்தக் காவலை அணைத்தே வைக்கிறார்கள். சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் துறைமுகத்தில் கடற்படைத் தளமும் இருக்கும் மாவட்டம் இது. அனுமதியோடு பறந்தாலும், விழுந்ததைத் தேடி எங்கும் நுழைந்துவிட முடியாது.

பற்றரியின் ஒவ்வொரு கலத்தோடும் இணைந்த பலன்ஸ் வயரில் செருகும் சிறு ஒலிப்பான் கலங்களைத் தனித்தனியே பார்க்கிறது. மொத்தத்தைப் பார்க்கும் குறை இதில் இல்லை. அது விமானத்திலேயே தொங்குவதுதான் பிரச்சினை. அலைச்சத்தமும் காற்றும் உள்ள கரையில், தொலைவில் கத்துவது கரையில் நிற்பவர் காதுக்கு எட்டாது. கலவாரியான வோல்ற்றளவைக் கையிலுள்ள கருவிக்கே அனுப்பும் உணரி இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஆனால் அதற்கேற்ற றிசீவரும் அனுப்பியும் வேண்டும். தொடக்கக்காரரின் மலிவான செற்றில் அவை இருப்பதில்லை.

இவற்றோடு ஒப்பிட, நேரக் கணக்கு பழைய முறை. ஆயினும் இந்தக் கரைகளுக்கு அதுவே முதலிடம் பெறத் தக்கது. 2200 மில்லி அம்பியர் மணிப் பற்றரியில் 80 விழுக்காடு, அதாவது 1760, செலவழிக்கலாம் என்பது வழக்கம். முதலில் நான்கு நிமிடம் மட்டும் பறந்து இறக்கி, மின்னேற்றியில் வைத்துத் திரும்ப எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். 1000 ஏறினால் நிமிடத்துக்கு 250. ஏழு நிமிடம் எல்லை. கச்சான் நாளில் ஐந்தரையோடு நிறுத்திக்கொள்வது அறிவுடைமை. இந்த முறை, நிறுத்தம் வரும் முன்பே விமானத்தைத் தரைக்குக் கொண்டுவருகிறது. இதன் குறை, பற்றரியின் வயதை அறியாது என்பது. இருநூறு முறை மின்னேறிய பற்றரியில் 2200 இருப்பதில்லை. அளவை அவ்வப்போது புதிதாக எடுக்காதவர் பழைய எண்ணை நம்பி ஏமாறுவார். இங்கேதான் கட்டுப்படுத்தியின் நிறுத்தம் தன் உரிய இடத்தைப் பெறுகிறது: கணக்குப் பிசகும்போது பிடிக்கும் கடைசி வலை.

தரையில் நிகழும் சேதத்துக்கு மேற்சொன்ன எதுவும் மருந்தல்ல. நிறுத்தம் மோட்டாரை மட்டுமே வெட்டுகிறது. பற்றரியைச் சுற்றிலிருந்து பிரிப்பதில்லை. கழற்ற மறந்த விமானத்தில் றிசீவரும் சேர்வோக்களும் விழித்தே இருக்கும். அவை 100 மில்லி அம்பியர் இழுத்தால், மிஞ்சிய 440 மில்லி அம்பியர் மணி நாலரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். பொழுது விடியும்போது பற்றரி செம்பு கரையும் எல்லையில் கிடக்கும். பறப்பில் கெட்டதாகச் சொல்லப்படும் பற்றரிகளில் எத்தனை இப்படி மேசையில் கெட்டவை என்று கேட்டுப்பார்க்கலாம். இறங்கியதும் செருகியைப் பிடுங்குவது, கலத்துக்கு 3.8 வோல்ற்றளவில் நிழலான இடத்தில் வைப்பது, சில வாரங்களுக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது ஆகியவற்றுக்குக் கருவிச் செலவு ஒரு சிறு வோல்ற்றுமானிதான். 2 வோல்ற்றுக்கும் கீழே போன கலத்தை, மின்னேற்றியை நிக்கல் முறையில் வைத்து ஏமாற்றி உயிர்ப்பிக்கும் பழக்கம், புதுப் பற்றரி கிடைப்பது கடினமான இடத்தில் விளங்கிக்கொள்ளக்கூடியதே. எனினும் உள்ளே படிந்த செம்பு வெளியே தெரியாது. அத்தகைய பற்றரியை வீட்டுக்குள் மின்னேற்றுவதற்கு நியாயம் எதுவும் இல்லை.